மூளையின் கையிருப்பு

கமுந்திங் கடைத்தெருவில் தமிழும் மலாயும் ஹொக்கியனும் மாற்றி மாற்றிப் பேசி வியாபாரம் நடத்துவது நம்மவர்க்குச் சர்வசாதாரணம். இப்பழக்கம் முதுமையில் அறிவுக்குத் துணைபுரிகிறதா என்பதை இங்கு ஆராய்வோம்.

1988ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய நிபுணர் காட்ஸ்மனும் அவர் குழுவினரும், முதியோர் இல்லத்தில் காலமான 137 பேரின் மூளைகளைப் பரிசோதித்தனர். அவர்களுள் 10 பேர் இறுதிவரை தெளிந்த அறிவுடன் வாழ்ந்தவர்கள். மூளையிலோ அல்சைமர் என்னும் மறதி நோயின் தடயங்கள் இருந்தன! கைம்முதல் உள்ள கடை மந்த காலத்தைத் தாங்குவதில்லையா? அதுபோன்ற கையிருப்பு மூளைக்கும் உண்டு. கல்வி, சிந்தனைக்கு வேலை தரும் தொழில், பலரோடு பழகுதல் ஆகியவற்றால் அது பெருகுகிறது என்பது நிபுணர் அபிப்பிராயம்.

ஹைதராபாத் நிஜாம் வைத்தியக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். ஒரே மொழி அறிந்தவரைவிட இருமொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தோன்றியதாம். பள்ளிக்கூடமே காணாதவரிடத்தும் இவ்வேறுபாடு தெரிந்தது. இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளால் கூடுதல் பயன் காணப்படவில்லை. ஆகவே நான்கு மொழி பேசும் நம்மவர் பெருமைப்பட அதிகமில்லை! பிற நாட்டு ஆராய்ச்சிகள் சில இம்முடிவை ஒப்பவுமில்லை. மேலும், தாமதம் வேறு, தடுப்பு வேறு.

வியாபாரிகள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது யாதெனில், கையிருப்பு நோயை மறைத்தும் வைக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். அதன்பின் சரிவு வேகமாகும். பணக்கணக்கில் தடுமாற்றம் ஆரம்பத்திலேயே தோன்றக் கூடியது. கொடுத்த பில்லுக்கே மறுபடி பணம் கொடுப்பது, கடன் கொடுத்ததை மறப்பது, படித்துப் பாராமல் கையெழுத்திடுவது முதலியவற்றை 'வயதாகிவிட்டது' என்று தள்ளிவிடலாகாது. அதற்காக அத்தாவைக் கல்லாவிலிருந்து எழுப்பி மூலையில் உட்கார வைப்பதும் தவறென்றே கருதுகிறோம். அவர் அமரட்டும்; செக்கில் மகனும் சேர்ந்து கையெழுத்திடட்டும்.

காது மந்தம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் இந்நோய்க்கு வழிவிடுவன; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தைப்பிங் அரசாங்க ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. கெட்டிக்காரரான பெரியவர் வைத்தியரின் சில கேள்விகளுக்கு எளிதில் விடை சொல்லித் தேறிவிடக் கூடும். ஆதலின் அவருக்கு நன்கு பழகிய மொழியில் கேட்கச் சொல்லுங்கள். முன்பு எப்படிக் கணக்குப் பார்த்தார், இப்போது எப்படிப் பார்க்கிறார் என்பதையும் எடுத்துரையுங்கள். இரண்டு வருஷப் பேரேடுகளைக் கையோடு கொண்டு போனாலும் நல்லதே.