கேட் போட்டாச்சு! – ஒரு கணக்குப் பாடம்

(இறுதியாண்டு சிவில் மாணவன்)



எங்கள் வீடு போத்தனூர்ப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி. அம்மா மில் வேலைக்கு ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் நடந்து போக வேண்டும். ஒருநாள் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார். "கேட் போட்டுட்டாங்க கண்ணு. கூட்ஸ் வண்டி போயி முடியறதுக்குள்ள ஷிப்டுக்கு ஆள் எடுத்துட்டாங்க" என்றார். அன்றைய கூலி போச்சு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "நீ படிக்கிற படிப்புல இதுக்கு வழி இல்லையா?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

சரக்கு ரயில் எதிரியா?

"கூட்ஸ் வண்டியைக் குறைக்கச் சொல்லி மனு குடுக்கலாங்க" என்பது எங்கள் தெருவின் பேச்சு. பயமும் நியாயமானதே. 2025 ஜூலை 13-ல் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு, 18 டேங்கர்கள் எரிந்தன. பக்கத்தில் குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஆனாலும் ரேஷன் அரிசி, சிமென்ட், உரம், கோழிப் பண்ணைக்கு வேண்டிய மக்காச்சோளம் எல்லாம் ரயிலேறித்தானே வருகின்றன! 58 வேகன் கொண்ட ஒரு ரயில் சுமார் 3,400 டன் சரக்கு சுமக்கும். அதை லாரியில் ஏற்றினால் 10 டன் லாரி 340 வேண்டும். அத்தனையும் நம் ரோட்டில் வந்தால்? வடக்கே சரக்குக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். கிழக்குத் தடம் மட்டும் 1,337 கி.மீ. நம் பக்கம் பயணிகள் வண்டிக்கும் சரக்குக்கும் ஒரே பாதைதான். 1862-லேயே போத்தனூருக்கு ரயில் வந்துவிட்டது. நாம் வீடு கட்டியது பிறகு.

கேட்டை ஏன் இவ்வளவு முன்னால் மூடுகிறார்கள்?

58 வேகன், எஞ்சின் எல்லாம் சேர்த்து நீளம் சுமார் 650 மீட்டர். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால் கேட்டைக் கடக்க 78 வினாடி போதும். ஆனால் நாம் நிற்பதோ பல நிமிடம்! காரணம் உண்டு. சரக்கோடு வரும் வண்டியின் எடை 4,700 டன். பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். ஆகவே, இண்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும்.

அந்த வசதி இல்லாத கேட்டில் எல்லாம் தொலைபேசிப் பேச்சையும் கேட்மேனையும் நம்பித்தான். 2025 ஜூலை 8-ல் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் அப்படிப்பட்ட ஒரு கேட்டில்தான் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதியது. 3 பிள்ளைகள் இறந்தார்கள். காத்திருப்பது எரிச்சல்தான். ஆனால் அந்த நிமிடங்கள்தான் உயிர்க்காவல்.

டி.வி.யு. என்னும் கணக்கு

ஒரு கேட்டுக்கு என்ன வசதி செய்வது என்பதை ரயில்வே டி.வி.யு. என்ற எண்ணை வைத்துப் பார்க்கிறது. ஒரு நாளில் போகும் ரயில்களை, கடக்கும் வாகன அலகுகளால் பெருக்க வேண்டும். கார், பஸ், லாரி, மாட்டு வண்டி ஒவ்வொன்றும் 1 அலகு. ஆட்டோ அரை. இரு சக்கர வாகனம் கால்.

உதாரணம்: 50 ரயில் × 2,000 அலகு = 1,00,000.

மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டுவதற்கு நெடுங்காலமாக உள்ள அளவுகோல் இந்த 1 லட்சம்தான். இண்டர்லாக்கிங்குக்கான அளவு 20,000 ஆக இருந்தது. செம்மங்குப்பம் விபத்துக்குப் பிறகு 10,000 ஆகக் குறைத்தார்கள்.

கவனித்தீர்களா நண்பர்களே? மேலே சொன்ன கேட்டில் 10 கூட்ஸ் வண்டி கூடினால் எண் 1,20,000 ஆகிவிடும். நம்மை நிறுத்தி வைக்கிற அதே கூட்ஸ் வண்டிதான் நமக்குப் பாலம் கேட்கும் சாட்சி!

ஒரு குறையும் உண்டு. நடந்து போகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. என் அம்மா எத்தனை முறை கடந்தாலும் பூஜ்யம்தான்! ஆகவே நாம் எண்ணும்போது நடப்பவர்களையும் தனியாக எழுதி, அவர்களுக்குச் சுரங்கப்பாதை கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

1. 7 நாள், இரவு பகலாக, முறை வைத்து ரயிலையும் வாகனத்தையும் எண்ணுவோம். சராசரி எடுப்போம்.

2. கேட் மூடிய நேரம், திறந்த நேரம் இரண்டையும் குறிப்போம்.

3. "கூட்ஸ் வண்டி வேண்டாம்" என்று எழுதாமல், "இதோ கணக்கு, பாலம் வேண்டும்" என்று எழுதுவோம்.

சர்வே பாடத்தில் சங்கிலி பிடிக்கக் கற்றோம். அந்தப் படிப்பு நம் தெருவுக்கு உதவாவிட்டால் டிப்ளமோ வெறும் காகிதம்தானே! அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டும் பேனாவுமாக எங்கள் கேட்டுக்கு வாருங்கள். டீ என் செலவு!