ஆப்புக்குக் கட்டுற பணம்: விலையா, வாடகையா?

சாலவாக்கத்துல இருந்து ஒரகடம் ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ல போற பலரும், பாட்டை டவுன்லோட் பண்ணி வச்சிருப்பீங்க. மாசாமாசம் பணம் கட்டுறதால அது உங்க சொத்து ஆகிடுமா? ஆகாது. ஒரு வழக்கைப் பார்ப்போம்.

டிப்ஸ் நிறுவனத்தின் பாடல்களை ஏர்டெல்லின் விங்க் மியூசிக் உரிமம் பெற்று வழங்கியது. 2016-ல் உரிமக் காலம் முடிந்தது. புதுக் கட்டணத்தில் உடன்பாடு வரவில்லை. பதிப்புரிமைச் சட்டம் 31டி பிரிவுப்படி, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிப் பாடலை ஒலிபரப்பலாம். அது எங்களுக்கும் பொருந்தும் என்றது விங்க். 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது: அந்தச் சலுகை ரேடியோ, டிவிக்குத்தான், இணையச் சேவைக்கு இல்லை. 2022-ல் இரு நீதிபதி அமர்வும் இதை உறுதி செய்தது.

அதாவது, ஆப்பே பாட்டை வாடகைக்குத்தான் வச்சிருக்கு. நீங்க உள்வாடகை! மேலே ஒப்பந்தம் முறிஞ்சா, உங்க பிளேலிஸ்ட்ல பாட்டு காணாமப் போகும். 2024-ல் ஏர்டெல் விங்க் சேவையையே மூடுவதாக அறிவித்தது.

நீங்க செய்ய வேண்டியது:

1. வருடச் சந்தாவில் தள்ளுபடி கணிசமா இருந்தா மட்டும் மொத்தமா கட்டுங்க. இல்லைன்னா மாதச் சந்தா போதும்.

2. ஆப்பை டெலிட் பண்ணினா ஆட்டோ டெபிட் நிக்காது. சந்தாவையும், பேங்க் அல்லது யுபிஐ ஆப்ல இருக்கிற மேண்டேட்டையும் ரத்து பண்ணுங்க.

3. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி வர்ற மெசேஜைப் படிக்காம தள்ளிவிடாதீங்க.

இன்னைக்கே உங்க மேண்டேட் லிஸ்ட்டைத் திறந்து பாருங்க.