நாவை வென்ற நடிகர்

நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவுங்கால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். அவ்வாறு தடவ நா இசையாதவர்க்கு அவ்வெழுத்துகள் எளிதில் வாரா. ழகரத்தை ஒலிக்க இயலாமல் வகுப்பில் நாணித் தலைகவிழும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அந்நாணம் வெல்லத்தக்கதே என்பதற்கு ஆங்கில நாட்டு நடிகர் ஒருவரின் வாழ்க்கை நல்ல சான்றாகும். அவர் பெயர் ஜெரமி பிரெட்.

இவர் 1933ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள், அந்நாளில் வார்விக்சயரைச் சேர்ந்திருந்த பெர்க்ஸ்வெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் கர்னல் பதவி வகித்தவர். குடும்பப் பெயர் ஹக்கின்ஸ் என்பது. நம் ரகரத்தோடு ஒப்பிடத்தக்க ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தொலி இவர் நாவில் பிறவியிலேயே திருந்த வரவில்லை. புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் சேர்ந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படும் டிஸ்லெக்சியா என்னும் குறையும் இவரை வருத்திற்று. கல்வியில் பின்தங்கிய இவர் இசையில் சிறந்தார். பள்ளிப் பாடகர் குழுவிலும் இடம்பெற்றார்.

வளரிளம் பருவத்தில் மருத்துவர்கள் அறுவை மருத்துவத்தால் இவருடைய நாவின் குறையைத் திருத்தினர். மருத்துவரின் கத்தி நாவின் கட்டை அவிழ்த்தது. ஒலியைக் கற்பிக்க அதனால் இயலுமோ? அதற்குரிய பயிற்சிகளை இவரே பல ஆண்டுகள் செய்தார். புகழ் வந்த பின்னரும் அவற்றைக் கைவிட்டாரல்லர். நடிக்கும் நாளாயினும் நடிப்பில்லாத நாளாயினும் அப்பயிற்சிகள் அனைத்தையும் தவறாது செய்து வந்ததாக இவரே கூறியுள்ளார்.

மகன் நடிகனாவது குடிப்பெருமைக்கு இழுக்கு என்று தந்தையார் கருதினார். தம் குடும்பப் பெயரை மேடையில் வழங்கலாகாது என்றார். தம் முதல் சூட் உடையில் தைத்திருந்த துணிச்சீட்டில் ‘பிரெட்’ என்னும் பெயரைக் கண்ட மகன், அதனையே தம் மேடைப் பெயராகக் கொண்டார்.

இலண்டனில் நாடகப் பயிற்சி பெற்றபின், 1954இல் மான்செஸ்டர் நகர மேடையில் ஏறினார். 1956இல் இலண்டன் ‘ஓல்டு விக்’ அரங்கில் நடித்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டாக 1961இல் தோன்றினார். பேச்சுத் திருத்தத்தையே கதைப்பொருளாகக் கொண்ட ‘மை ஃபேர் லேடி’ என்னும் திரைப்படத்தில், 1964இல் இவரும் ஒரு பாத்திரமாக நடித்தது வியத்தற்குரிய பொருத்தமன்றோ?

மேடை நடிகரின் குரல் கடைசி வரிசையில் இருப்பவர் செவிக்கும் எட்டல் வேண்டும். தொலைக்காட்சியிலோ, ஒளிப்படக் கருவி நடிகரின் முகத்தருகே வந்து நிற்கும்; புருவத்தின் அசைவும் பொருள் தரும். இவ்விரண்டு துறையிலும் பிரெட் தேர்ந்தார். ஆர்தர் கோனன் டாயில் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸாக, கிரனடா தொலைக்காட்சியில் 1984 முதல் 1994 வரை 41 படங்களில் நடித்தார். இதற்காக மூலக் கதைகளை நுணுகிக் கற்றார். ஹோம்ஸின் பழக்கவழக்கங்கள், உணவு முறை முதலியவற்றைத் தொகுத்த 77 பக்கக் குறிப்பேடு ஒன்றைத் துணையாக வைத்திருந்தார். எழுத்தோடு போராடிய சிறுவர், எழுத்தை இவ்வாறு துருவி ஆராய்பவராயினார்.

புகழோடு துன்பமும் வந்தது. 1985இல் மனைவியார் இறந்தார். களிப்பும் சோர்வும் அளவிறந்து மாறி மாறி வரும் மனநோய் பிரெட்டைப் பற்றியது. மருந்தினால் உடல் பருத்தது. இளமையில் கண்ட காய்ச்சலால் நலிந்திருந்த நெஞ்சப்பை மேலும் தளர்ந்தது. புகைப்பழக்கமும் கேடு செய்தது. 1994இல் ஒரு கதையில், ஹோம்ஸ் செய்ய வேண்டியவற்றை அவர் தமையனாகிய மைக்ராஃப்ட் செய்வதாக மாற்றியமைக்க நேர்ந்தது. மனநோயைப் பலர் மறைத்து வாழ்ந்த அக்காலத்தில், பிரெட் தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், தம் 61ஆம் வயதில் இலண்டனில் காலமானார்.

ஓரெழுத்தை ஒலிக்க இயலாத சிறுவரின் குரலை உலகின் பல நாட்டு மக்கள் விரும்பிக் கேட்டனர். குறையுடைமை இழிவன்று, அதனை மறைத்து முயலாதிருத்தலே இழிவு. ஆதலின் ழகரம் வாராத மாணவர் வாய்மூடி இருத்தல் வேண்டா. நாள்தோறும் சிறிது நேரம் உரக்கப் படித்து நாவைப் பழக்குக. உடன்பயில்வோர் நகையாது துணைநிற்க.