தவணையும் தேதியும்

சரக்குக்கு நிறை எவ்வளவு முக்கியமோ, கடனுக்குத் தேதி அவ்வளவு முக்கியம். தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 282-ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. எழுதினால் மட்டும் போதுமா? எழுதியதை இரு தரப்பாரும் ஒரே விதமாகப் படிக்கவும் வேண்டுமல்லவா? இவ்விஷயத்தைக் கம்ப்யூட்டரிலுள்ள ‘டேட்’ என்னும் சிறு கட்டளையைக் கொண்டு இப்பாடத்தில் பார்ப்போம்.

1971-இல் வெளிவந்த யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே இக்கட்டளை இருந்தது. இன்று லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் ‘டேட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால், அன்றைய நாளும் நேரமும் தெரியும். விண்டோஸில் இதே பெயருள்ள கட்டளை வேறானது. அது புதிய தேதியைக் கேட்டு மாற்றக்கூடியது; ஆகவே அதில் பரீட்சிக்க வேண்டாம்.

முதலாவது, தேதியின் வடிவம். 03/04/2026 என்றால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏப்ரல் 3. அமெரிக்க வியாபாரிக்கோ அது மார்ச் 4. லினக்ஸிலுள்ள டேட் கட்டளையும் அமெரிக்க வழக்கப்படியே படிக்கும். 13/04/2026 என்று கொடுத்தால் 13-ஆம் மாதம் இல்லையாதலால் பிழையென்று சொல்லிவிடும். ஆனால் தேதி 12-க்குள் இருந்தால், ஒன்றும் சொல்லாமல் தவறான நாளை ஏற்றுக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பிழையே கணக்கைக் கெடுக்கிறது.

இதற்குப் பரிகாரம், வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2026-04-03 என எழுதுவது. 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம் இதுவே. ‘டேட்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கூட்டல் குறி, சதவீதக் குறி, பெரிய ‘எஃப்’ எழுத்து மூன்றையும் சேர்த்துத் தட்டினால், இன்றைய தேதி இவ்வடிவில் வரும்.

இரண்டாவது, தவணைக் கணக்கு. 2026 ஜனவரி 31-இல் “ஒரு மாதத் தவணை” என்று சரக்குக் கொடுத்தோமென வைத்துக்கொள்வோம். பணம் வரவேண்டிய நாள் எது? பிப்ரவரி 28 என்போம். லினக்ஸின் டேட் கட்டளையிடம் 30 நாட்களைக் கூட்டச் சொன்னால் மார்ச் 2 என்கிறது. ஒரு மாதத்தைக் கூட்டச் சொன்னால், பிப்ரவரி 31 என்ற நாள் இல்லாததால் மிஞ்சிய 3 நாட்களை அடுத்த மாதத்தில் சேர்த்து, மார்ச் 3 என்கிறது. ஒரு சொல்லுக்கு மூன்று நாட்கள்! குற்றம் கருவியிலில்லை, “ஒரு மாதம்” என்ற வாசகத்திலேயே தெளிவில்லை. ஆகவே பில்லில் “ஒரு மாதம்” என்று எழுதாமல், இரு தரப்பாரும் ஒப்பிய தேதியையே எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, ஜகாத். ஜகாத்துக்குரிய ஆண்டு சந்திர ஆண்டு. அது 354 அல்லது 355 நாட்கள். ஆங்கில வருஷத்தைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆங்கில வருஷத்துக்கு ஒருமுறை 2.5 சதவீதமே கொடுத்து வந்தால், சுமார் 33 வருஷங்களில் ஓர் ஆண்டின் ஜகாத் விடுபட்டுப் போகும். அது ஏழைகளின் ஹக்கு. ஆங்கில வருஷப்படி கணக்கு மூடுவோர் இதை ஈடுசெய்ய 2.577 சதவீதமாகக் கணக்கிடும் முறையும் உண்டு. சென்ற ஜகாத் நாளுடன் 354 நாட்களைக் கூட்டினால், அடுத்த நாளை டேட் கட்டளை ஏறக்குறையக் காட்டும். எனினும் பிறையும், மஃரிபில் நாள் மாறுவதும் அதற்குத் தெரியாது. முடிவான நாளுக்கு நம் ஊர் மார்க்க அலுவலகத்தின் அறிவிப்பையே பின்பற்றவேண்டும்.

வியாபார அன்பர்கள் இன்றே தங்கள் பேரேட்டை எடுத்து, நிலுவையிலுள்ள ஒவ்வொரு கடனுக்கும் தவணை நாள் வருஷம், மாதம், நாளுடன் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்களாக. இல்லாதவற்றுக்கு, கடன்பட்டவருடன் கலந்து பேசி இப்போதே எழுதிக்கொள்வது இரு தரப்பாருக்கும் நலம்.