மாம்பலத்து வாடகை வீடா, கேளம்பாக்கத்துச் சொந்த வீடா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கேளம்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று படுக்கையறை ஃப்ளாட் பட்ஜெட்டுக்குள் வருகிறது. கணவருக்குக் கிண்டியில் வேலை, எனக்கு மயிலாப்பூரில். பிள்ளைகள் ஏழாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். மாமியாருக்கு 70 வயது. கார் ஒன்றுதான். வாங்கலாமா?
- வாசகி, சென்னை-33

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஃப்ளாட்டின் விலையோடு இன்னொரு காரின் விலையையும், பெட்ரோலையும், இன்சூரன்சையும் கூட்டிப் பாருங்கள். கேளம்பாக்கம் வழியே போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் உண்டு, ரயில் கிடையாது. கட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோவும் கேளம்பாக்கம் வராமல் சிறுசேரி சிப்காட்டோடு நின்றுவிடும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வண்டி ஓட்டாத மூன்று பேரின் நிலைமை. மாம்பலத்தில் உங்கள் மாமியார் யாரையும் எதிர்பார்க்காமல் அயோத்தியா மண்டபம் வரை நடந்து, உபன்யாசம் கேட்டு, திரும்பும்போது கீரைக்கட்டு வாங்கி வந்துவிடலாம். ஏழாவது படிக்கிற பிள்ளை ட்யூஷனுக்குத் தானே சைக்கிளில் போகலாம். நடைபாதையோ விளக்கோ இல்லாத உட்புறச் சாலையில் இதெல்லாம் நடக்காது. நோட்டு வாங்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் நீங்கள் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அங்கே பிள்ளைகள் ஓடியாட இடமும், லிஃப்டும், காற்றும் கிடைக்கும், மறுக்கவில்லை. மழைக்காலத்தில் மாம்பலத்துத் துரைசாமி சுரங்கப்பாதை படுத்தும் பாடும் தெரிந்ததே. ஆனால் கேளம்பாக்கம் பக்கம் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. மே மாதத் தண்ணீர்ச் செலவு எவ்வளவு என்று குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள்.

சொந்த வீடுதான் வேண்டுமென்றால் ரயில் பாதையை ஒட்டித் தேடுங்கள். குரோம்பேட்டை, தாம்பரம் என்றால் ஃப்ளாட் சற்றுச் சிறியதாக அமையலாம். ஆனால் கணவர் நேரே கிண்டியில் இறங்குவார். நீங்கள் மாம்பலத்தில் இறங்கி, தி.நகரிலிருந்து பஸ் பிடிக்கலாம். சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. மேற்குத் தாம்பரத்துக்கு அப்பால் போனால் மட்டும் எச்சரிக்கை: முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 வெள்ளத்தில் மூழ்கியவை. தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று புரோக்கரிடம் கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

எந்த வீடானாலும் அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு திங்கட்கிழமை காலை அந்த வாசலிலிருந்து கார் இல்லாமல் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். மாமியாரையும் அழைத்துப் போய்க் காட்டி, அவர் அபிப்பிராயத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.