கரண்ட் இல்லாத மூன்று நாளுக்கு வீட்டைப் பழக்குவது எப்படி?

2015 பெருமழை, 2016 வர்தா, 2023 மிக்ஜாம். மூன்றும் நம்மை டிசம்பரில்தான் ஆட்டிப்படைத்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெருவில் நின்ற தண்ணீரைச் சொல்லி முடித்த கையோடு, "மோட்டார் போட முடியல" என்பார்கள். ஊரெல்லாம் வெள்ளம், குழாயில் சொட்டு இல்லை. போர்வெல்லை நம்பியிருக்கும் வீட்டில் கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். மாடித் தொட்டி சீக்கிரமே காலியாகும். அதோடு கழிப்பறை, சமையல், பாத்திரம் தேய்ப்பது எல்லாம் வரிசையாக நிற்கும். காட்டில் கல்லை உரசித் தீ மூட்டும் வீடியோக்கள் இதற்கு உதவாது. கரண்ட் இல்லாமல் மூன்று நாள் குடும்பம் நடத்தத் தெரிந்தால் போதும்.

முதல் வேலை, ஒத்திகை. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயினை இறக்கிவிடுங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். இருட்டும்வரை அப்படியே இருக்கட்டும். எதெல்லாம் தடைப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். சட்னிக்கு மிக்ஸி இல்லை, குடிதண்ணீர் மெஷின் ஓடவில்லை, டார்ச் இருக்கிறது ஆனால் பேட்டரி கசிந்திருக்கிறது, யாருடைய நம்பரும் மனப்பாடமாக இல்லை. கடைக்குப் போவதற்கு முன் இந்த நோட்டு கையில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் விற்கும் 'எமர்ஜென்சி கிட்'டில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. உங்களுக்குத் தேவையானதில் பாதி அதில் இருக்காது. வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், ஈரமான மண்பானைக்குள் மருந்தை வைத்துக் காக்கும் முறையை டாக்டரிடம் கேட்டு அன்றே பழகிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். கை கால் கழுவ, கழிப்பறைக்கு என்று எல்லாம் சேர்த்தால் குறைந்தபட்சம் 15 லிட்டர். நிவாரண முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் கணக்கும் இதுதான். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 180 லிட்டர். அதில் 60 லிட்டர் குடிதண்ணீர், அதாவது மூன்று கேன். மிச்சத்துக்கு ஒரு டிரம்மும் வீட்டில் உள்ள குடம், வாளிகளும் போதும். புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலையே எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும்.

நான்காவது நாளுக்குத்தான் கைத்தொழில் வேண்டும். அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கிணறு இன்னும் இருக்கிறது. மேலே ஸ்லாப் போட்டு மூடி, அதன்மேல் பூந்தொட்டி வைத்திருப்பார்கள். அந்த ஸ்லாபில் ஓர் ஆள் திறக்கக்கூடிய மூடி வைத்து, ஒரு ராட்டினமும் கயிறும் வாங்கி மாட்டுங்கள். வாளி தண்ணீரில் விழுந்ததும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால்தான் அது சாய்ந்து முழுகும். இல்லாவிட்டால் மிதந்துகொண்டே இருக்கும். இது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை. கிணறு இல்லாத அடுக்ககத்தில் சம்ப்பிலிருந்தே கயிறு கட்டி மொண்டுகொள்ளலாம். மூடி திறந்திருக்கும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இன்னொரு ஊற்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. ஆனால் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாத வீடுகளே அதிகம். ப்ளம்பரைக் கூப்பிட்டு, மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு 'டீ'யும் வால்வும் போடச் சொல்லுங்கள். முதல் கால் மணி நேர மழையைக் கீழே விட்டுவிட்டு, அதன் பிறகு டிரம்முக்குத் திருப்புங்கள். நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டால் குடிக்கலாம். வறட்சிக்கும் இதே குழாய்தான். 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

சாப்பாடு

இதற்கு நம் பாட்டிமார்கள் எப்போதோ வழி செய்துவிட்டார்கள். கத்திரி வெயிலில் மாடியில் காயப்போட்ட மோர் மிளகாய், சுண்டைக்காய், கொத்தவரங்காய் வற்றல்தான் கார்த்திகை மழையில் காய்கறிக் கடை. மாங்காய் ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எதற்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம். கூடவே அவல், பொரி, வேர்க்கடலை, கடலை மிட்டாய், பால் பவுடர். மிக்ஜாம் வெள்ளத்தில் பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்ததைப் பார்த்தவர்கள் பால் பவுடரைக் கடைசியில் எழுத மாட்டார்கள்.

காஸ் தீர்ந்தால்கூட செய்யக்கூடியது புளி அவல். கெட்டி அவலை ரவை பதத்துக்கு உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். கரைத்த புளித்தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள் போட்டு, அவல் முழுகும் அளவு மட்டும் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். கையால் உதிர்த்தால் பொலபொலவென்று வரும். ஏற்கெனவே வறுத்துவைத்த வேர்க்கடலையும் பருப்புப் பொடியும் தூவினால் தாளிக்காமலே சாப்பிடலாம்.

அடுத்தவர்கள் சொல்வதுபோல் மாடித்தோட்டம் உங்களைக் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். முளைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும், வீட்டுக்கு நல்லது, பழகவும் எளிது. ஆனால் புயல் நாளில் அந்தப் பைகளைக் கைப்பிடிச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்துவதுதான் உங்கள் முதல் வேலையாக இருக்கும். கொல்லையில் முருங்கை இருந்தால் மழைக்கு முன்பே கிளையைக் கழித்துவிடுங்கள். அது காற்றுக்குத் தாங்காது.

எந்த ஏரியைப் பார்க்க வேண்டும்

டி.வி.யில் செம்பரம்பாக்கம் என்றதும் எல்லோருக்கும் பதறுகிறது. அந்த உபரி நீர் திருநீர்மலை வழியாக அடையாற்றில் சேர்கிறது. பூண்டியில் திறப்பது கொசஸ்தலை வழியாக எண்ணூருக்குப் போகிறது. அம்பத்தூர்க்காரருக்கு முக்கியம் அம்பத்தூர் ஏரி. அது நிரம்பினால் கொரட்டூர் ஏரி, அதற்கப்புறம் ரெட்டேரி. திருவேற்காட்டில் இருப்பவர் கூவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய், உங்கள் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தக் கால்வாயில் விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நம்பர்களிலும் ஒரு குழப்பம் உண்டு. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சி, ஆகவே 1913. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. இரண்டும் திருவள்ளூர் மாவட்டம், 1077-ஐ அழைக்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. மின்சாரப் புகாருக்கு மின்னகம், 94987 94987. இவற்றைத் தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். டவர் சரியாக எடுக்காதபோது போன் பேச முயலாதீர்கள், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

தண்ணீர் ஏறும்போது

மீட்டர் பெட்டியைத் தண்ணீர் தொடும் முன்பே மெயினை இறக்குங்கள். பலர் மறப்பது இன்வெர்ட்டரை: ஈ.பி. சப்ளை போனாலும் அது வீட்டு வயரிங்கில் கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்து, பேட்டரியை மேலே ஏற்றுங்கள். தெருவில் பில்லர் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு உயரத்தில் வையுங்கள்; காலி சிலிண்டர் மிதக்கும். கீழ்த்தளக் கழிப்பறையில் சாக்கடை எதிர்த்து வரும். பாலித்தீன் பையில் மணலை நிரப்பிக் கட்டி, கோப்பையிலும் குளியலறைத் துவாரத்திலும் அழுத்தி வைத்தால் பெருமளவு தடுக்கலாம்.

ஏரிக்கரை மனைகளில் பாம்பு வரும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வடிந்த பிறகு

சம்ப்பில் வெள்ளநீர் கலந்திருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவிவிட்டு, புதுத் தண்ணீர் விடுங்கள். தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. நேராகக் கொட்டக்கூடாது. ஒரு வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து லேசான குளோரின் வாடை இருந்தால் சரி. இல்லையென்றால் பவுடர் பழையது, அல்லது தண்ணீர் இன்னும் அழுக்கு, மறுபடி போடுங்கள். வெள்ளநீரில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

நனைந்த மோட்டாரின் சுவிட்சை ஆசைக்குக்கூடத் தட்டிப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியன் மெக்கர் என்ற கருவியை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் ரீவைண்டிங் செலவு. அந்த வாரம் ஊரே அவரைத் தேடும் என்பதால், அவர் நம்பரையும் கதவில் ஒட்டிய தாளிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.