தனிவழி நடையும் ஈர்யா சமிதியும்

ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. நடக்கும்போது உயிர்க்கு ஊறு நேராவண்ணம் நடத்தல் என்று அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகளும் ஒப்புவித்துவிடுகிறார்கள். ஆனால், நாடு விட்டு நாடு கால்நடையாகவே செல்லும் ஒரு துறவிக்கு அந்த ஒரு சொல் ஒரு நாளை எவ்வாறு அமைத்துக் கொடுக்கிறது என்பதை விரித்துரைப்பார் குறைவு. இப்பாடம் அதற்காக எழுதப்படுகிறது.

பொன்னூர்மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் ஆசாரிய குந்தகுந்தர், நியமசாரத்தில் ஒரே காதையில் இச்சமிதிக்குரிய நிபந்தனைகளை அடக்கியுள்ளார். பிராசுகமான வழியில் செல்லவேண்டும், பகலில் செல்லவேண்டும், முன்னே ஒரு நுகத்தடி அளவு நிலத்தைப் பார்த்தபடி செல்லவேண்டும். நுகத்தடி அளவு என்பது நான்கு முழம். ஏறக்குறைய ஆறு அடி. பிராசுகமான வழி யாது என்பதை மூலாசாரம் விளக்குகிறது. வண்டிகள் ஓடிய வழி, ஆடு மாடுகளும் ஆடவர் பெண்டிரும் மிதித்துச் சென்ற வழி, வெயில் காய்ந்த வழி, ஏர் உழுத நிலம் என அது அடுக்கிச் செல்லும். சுருங்கக் கூறின், புல்லும் புழுவும் இல்லாத வழியே துறவிக்கு வழி.

தமிழில் இதற்கு நமக்குக் கிடைத்துள்ள சிறந்த பாடம் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையே. காவுந்தியடிகள் காவிரியின் வடகரையில் ஒரு சோலையில் நோன்பிருந்தவர். மதுரை சென்று பெரியோரிடம் அறம் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது. கோவலனும் கண்ணகியும் வாராதிருப்பின் அவர் தனித்தே புறப்பட்டிருக்கக்கூடும். (ஆர்யிகையர் தனித்துச் செல்லலாகாது என்று மூலாசாரம் விதிப்பதை அறிந்த மாணவியர், காவுந்தி எங்ஙனம் தனித்திருந்தார் என்று என்னைக் கேட்டதுண்டு. நல்ல வினா. காப்பியத்தை விதிநூலாகக் கொள்ளற்க என்பதே நான் கூறிய விடை.) கடிஞையும் மயிற்பீலியும் எடுத்துக்கொண்டு எழுந்தவர், முதலில் செய்தது என்ன? வழியை ஆராய்ந்ததுதான்.

சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். குழியைப் பார்த்து ஒதுங்கினால் தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். வயல் வழியே சென்றால், கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். தாகத்தால் கண்ணகி அறியாமல் அந்நீரைப் பருகிவிடக்கூடும். தேன் நமக்கு விலக்கு அன்றோ! களை பறிப்போர் வரப்பில் எறிந்த குவளைப் பூவுள் வண்டு மயங்கிக் கிடக்கும். நண்டும் நத்தையும் வரப்பில் ஊரும். நம் அடி பட்டால் அவை மாயும். இவ்வாறு காவுந்தி ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். இளங்கோவடிகள் இதனை நெடிது விரித்தது சோழநாட்டு வளம் காட்டுவதற்கு மட்டும் என்று உரைப்போர் உளர். அவ்வளவில் நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. நான்கு முழம் நோக்கி நடந்து பழகிய கண்ணே இவற்றையெல்லாம் காணும்.

அங்ஙனம் நடந்ததனால் அவர்கள் நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் கடக்கவில்லை என்கிறது காப்பியம். புகாரிலிருந்து மதுரை முப்பது காதம் என்பது அக்காதையின் கணக்கு. இன்று பூம்புகாரிலிருந்து திருச்சி வழியாக மதுரை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஆகவே காதம் ஒன்றுக்குச் சற்றேறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் வரும். ஒரு நாள் நடை அவ்வளவே.

இனி அந்த ஒரு நாளை நாம் அறிந்த நிலத்தில் வைத்துப் பார்ப்போம். முனிவர் ஒருவர் இராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் நோக்கித் தனியே செல்கிறார் என்று கொள்க. சேலம் - நாமக்கல் பெருஞ்சாலையின் வாகன நெரிசலை ஒதுக்கி, பேளுக்குறிச்சி வழியாகச் செல்லும் உட்சாலையைத் தெரிந்துகொள்கிறார். ஊருக்குக் கிழக்கே கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவர்போல் நிற்கிறது. மேற்கு அடிவாரத்தில் விடிந்தும் கதிரவன் முகம் காணச் சற்று நேரம் ஆகும். காலடியில் ஊரும் எறும்பு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வரும்வரை முனிவர் அடியெடுத்து வைப்பதில்லை. அந்நாள் சனிக்கிழமையாயின் பேளுக்குறிச்சியில் சந்தை. மிளகு, மல்லி, சீரகம், கடுகு முதலிய மளிகைச் சரக்குகளுக்குப் பெயர் பெற்றது அச்சந்தை. சரக்கு வண்டிகள் நெருங்கும், வழி பிராசுகமாகும், ஆனால் நடப்பவர் உயிருக்கு இடர் மிகும். வெயில் ஏறினால் தார்ச்சாலை வெறுங்காலைச் சுடும். ஆகவே விடிந்தபின் தொடங்கி, தார் கொதிக்குமுன் முடிக்கவேண்டும். இவ்விரு எல்லைகளுக்கிடையே பத்துக் கிலோமீட்டரே அடங்கும். காப்பியத்தின் கணக்கும் அதுவே.

அடுத்தது ஆகாரம். திகம்பர முனிவர் நாளொன்றுக்கு ஒரு வேளை, நின்றபடி, கைகளையே கலமாகக் கொண்டு உண்பவர். நீரும் அவ்வேளையில் மட்டுமே. உணவில் மயிரோ பூச்சியோ காணப்பட்டால் அந்தராயம், அன்று அவ்வளவே. முறையறிந்த சிராவகர் இல்லமன்றி அவர் உண்ணார். நம்மவர் ஊர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கங்களில் அடர்ந்துள்ளன. கொல்லிமலை அடிவாரத்தில் ஊர்தோறும் நம் வீடுகள் இல்லை. ஆகையால் யாரேனும் ஒரு குடும்பம் முன்னே சென்று, தண்ணீர் இறைத்து வடிகட்டிக் காய்ச்சி, சமைத்துக் காத்திருக்கவேண்டும். தனிவழி செல்பவரின் ஒரு நாள், விடியுமுன் எழுந்த ஒரு சிராவகியின் அடுப்பைச் சார்ந்திருக்கிறது. தனித்துச் செல்ல எல்லார்க்கும் இசைவும் இல்லை. தவம், சுருத ஞானம், மனவலிமை, உடல்வலிமை யாவும் நிரம்பியவர்க்கே மூலாசாரம் அதனை அனுமதிக்கிறது. ஏனையோர் சங்கத்தோடுதான் செல்லவேண்டும்.

இவ்விடத்தில் நம் குறையையும் சொல்லியாகவேண்டும். பஞ்சகல்யாணம், சிகரப் பிரதிட்டை என்று நாள் குறித்து, அழைப்பிதழ் அச்சிட்டு, அதன்பின் முனிவரை வேண்டுகிறோம். வந்து சேரும் திதி முன்னரே அறியப்படாதவர் என்பதனாலேயே அவர் அதிதி. நாமோ அவருக்கு ஒரு திதியை விதித்துவிடுகிறோம். இடையில் இத்தனை நாள், இத்தனை தொலைவு என்று வகுத்தால் நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அதனை முடிக்க இருளிலேயே புறப்பட வேண்டியதாகிறது. இருளில் எறும்பும் தெரியாது. பின்னால் வரும் வாகன ஓட்டிக்கு முனிவரும் தெரியார். விகாரத்தின்போது வாகனம் மோதித் துறவியர் உயிரிழந்த செய்திகளை நாடெங்கிலுமிருந்து படிக்கிறோம். ஓட்டுநரை நோவது எளிது. அழைப்பிதழில் நாள் குறித்த நம் கையையும் நோக்கவேண்டும். மழைக்கால நான்கு மாதம் நீங்கலாக, கிராமத்தில் ஓரிரவு, நகரத்தில் ஐந்திரவு என்பது பழைய முறை. விழா நாளைத் துறவியின் நடைக்கு ஏற்ப அமைத்தால் இந்த முறையும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.

மீண்டும் காவுந்தியிடம் வருவோம். நத்தைக்கு இரங்கிய அவர், வழியில் இழிசொல் பேசிய இருவரை முள்ளுடைக் காட்டில் நரியாகும்படி சபித்துவிட்டார். கோவலனும் கண்ணகியும் நடுங்கி வேண்டிய பின்னரே, பன்னிரு திங்களில் மீள்க என்று எல்லை வகுத்தார். கால் காத்த சமிதியை நா காக்கவில்லை. நடையில் ஈர்யா சமிதி உண்டு. பேச்சில் பாஷா சமிதி உண்டு. இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் ஒருவரிடத்தே வைத்துக் காட்டியிருக்கிறார் இளங்கோவடிகள்.

பாடசாலை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குத் தரவேண்டிய பயிற்சி:

அ. ஜினாலயத்தைச் சுற்றி ஒரு முறை, நான்கு முழம் முன்னே நோக்கியபடி, பேசாமல் நடந்து வருக. வழியில் கண்ட உயிர்களின் பெயர்களை எழுதுக.

ஆ. அதே வழியை விரைந்து ஓடி வருக. கண்டவற்றை மீண்டும் எழுதி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுக.

இ. காவுந்தியடிகள் சபித்த இடத்தில் நீவிர் உடன் சென்றிருந்தால் அவரிடம் என்ன கூறியிருப்பீர்?